கிராம சபையில் நல்ல பாம்புக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

கிராம சபைக்கு வந்து உட்காரும் பெரியவர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், தீர்மான நோட்டை மடியில் வைத்திருக்கும் ஊராட்சிச் செயலருக்கும், அரசாங்கம் அனுப்பும் பற்றாளருக்கும் வணக்கம்.

நான் காவிரி டெல்டாவின் கடைமடைக்காரன். நம் கூட்டங்களில் நாம் என்னென்ன கேட்கிறோம் என்று எனக்குத் தெரியும், நானும் கேட்டிருக்கிறேன். சாலை, குடிதண்ணீர், வாய்க்கால் தூர் வாருவது, நூறு நாள் வேலைச் சம்பளம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பாம்புக்கடி பற்றி ஒருவர் எழுந்து பேசி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பாம்பு கடித்துச் செத்தவர் இல்லாத தெரு நம் பக்கத்தில் எத்தனை இருக்கும் சொல்லுங்கள். அதை விதி என்று எடுத்துக்கொண்டு விட்டோம், அதனால் கோரிக்கைப் பட்டியலில் வருவதே இல்லை.

எங்கள் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி மாதம், விளக்கு வைக்கும் நேரம். கொட்டகை ஓரத்தில் அடுக்கி வைத்திருந்த வறட்டியில் நாலு எடுக்கக் கையை விட்டார். வலது புறங்கையில் சுருக்கென்றது. கையை உதறிய பிறகுதான் அது படம் எடுத்து நின்றதைப் பார்த்திருக்கிறார். "பூச்சி கடிச்சிருச்சு" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. முழங்கைக்குக் கீழே கயிறு போட்டு இறுக்கினோம். வேப்பிலையை வாயில் கொடுத்து "கசக்குதா?" என்று கேட்டோம். கசக்குது என்றார். அப்படியென்றால் விஷம் ஏறவில்லை என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அப்புறம் பார்வை பார்க்கிறவரிடம் கூட்டிப்போனோம், அவர் மந்திரித்து ஒரு பச்சிலை கொடுத்தார். இதிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. திரும்பி வரும்போது பெரியம்மாவின் இமை தொங்க ஆரம்பித்திருந்தது. "அசதியா இருக்கு, செத்த தூங்குறேன்" என்று குழறலாகச் சொன்னார். நாங்களும், பாவம் பயந்து களைத்துப் போயிருக்கிறார் என்று தோளில் சாய்த்துக்கொண்டோம்.

அது தூக்கம் இல்லை என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் ஊசியை ஆரம்பிக்காமலே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். 108 வண்டியில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. வண்டியில் இருந்த பையன் முகத்தில் ஒரு மூடியை அழுத்தி, அதோடு சேர்ந்த ரப்பர் பையை விடாமல் அமுக்கிக்கொண்டே வந்தான். நாற்பது நிமிடம். முன் சீட்டில் இருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அழுதுகொண்டே ஊருக்குப் போன் போட்டு, "முடிஞ்சிருச்சுப்பா, பந்தலுக்குச் சொல்லிடு" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். பெரியம்மா பிழைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து என்னிடம் சொன்னார்: "பந்தலுக்குச் சொல்லச் சொன்னது எனக்கு நல்லா கேட்டுச்சுடா தம்பி. கண்ணைத் தொறக்க முடியல, விரலை அசைக்க முடியல, ஆனா எல்லாம் கேட்டுச்சு."

இந்த மடலை எழுத வைத்தது இந்த ஒரு வார்த்தைதான். இதற்கு அப்புறம் நல்ல பாம்பின் விஷம் எப்படி வேலை செய்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன், டாக்டர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை நம் ஊர் பாஷையில் சொல்கிறேன்.

கையை அசைக்க வேண்டும் என்று மூளை நினைத்தால், நரம்பு வழியாகச் சேதி தசை வரைக்கும் வருகிறது. நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்று ஒரு பொருள் சுரந்து, தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். நல்ல பாம்பின் விஷத்தில் இருக்கும் நரம்பு நச்சு அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, வயலும் நன்றாகத்தான் இருக்கிறது, மடை வாயில் மட்டும் களிமண்ணை அப்பி அடைத்துவிட்ட மாதிரி. மூளை கெடவில்லை, இதயமும் அடித்துக்கொண்டிருக்கிறது, காதும் கேட்கிறது. சேதி மட்டும் தசைக்குப் போய்ச் சேரவில்லை. முதலில் இமை, கண்ணை உருட்டும் சின்னத் தசைகள், அதனால் ஒன்று இரண்டாகத் தெரியும். அப்புறம் நாக்கு, தொண்டை, எச்சில் விழுங்க முடியாமல் வழியும். கழுத்து நிற்காமல் தொங்கும். கடைசியில் மூச்சு விட வைக்கும் தசைகள். இது சிலருக்கு அரை மணி நேரத்திலேயே ஆரம்பிக்கும், சிலருக்குப் பல மணி நேரம் கழித்து. நல்ல பாம்பு கடித்தவர் பெரும்பாலும் சாவது மூச்சு நின்றுதான். அந்த மூச்சை வெளியிலிருந்து யாராவது கொடுத்துக்கொண்டே இருந்தால், மடையில் அடைத்த மண் மெல்ல மெல்லக் கரையும் வரைக்கும் அவரைக் காப்பாற்றிவிடலாம். பெரியம்மாவுக்கு அந்தப் பையன் செய்தது அதைத்தான்.

அதனால் நான் உங்களிடம் முதலில் கேட்பது இது. நல்ல பாம்பு கடித்து, கண் மூடி, ஆடாமல் அசையாமல் கிடப்பவரை ஊரில் யாரும் "முடிந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மூச்சு நின்றுவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், இதில் உங்களுக்கு விஷம் ஏறாது. வண்டியில் போகும்போது அவர் காதில் தைரியமாக நாலு வார்த்தை சொல்லுங்கள்.

விஷத்தில் இன்னொரு பங்கும் உண்டு, அது கடிவாயைச் சுற்றியிருக்கும் சதையை அழிப்பது. நல்ல பாம்பு கடித்த இடம் வலிக்கும், வீங்கும், கறுத்துப்போகும், சில பேருக்குச் சதை அழுகிக் கொட்டும். கட்டுவிரியன் அப்படி இல்லை, பாயில் படுத்துத் தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போனால் பல நேரம் வலியோ தடயமோகூட இருக்காது. சரி, நாம் கட்டிய கயிறு என்ன செய்தது என்றால், சதையை அழிக்கும் அந்த விஷத்தை ஒரே இடத்தில் தேக்கி வைத்து, ரத்த ஓட்டத்தையும் நிறுத்தியது. பெரியம்மாவின் புறங்கைத் தோல் முழுக்கப் போய், தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. அந்தக் கயிற்றை இறுக்கியவன் நான். விஷம் ஏறிவிடக் கூடாது என்று பதறி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் அதை வழியில் திடீரென்று அவிழ்த்துவிடவும் கூடாது, தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பாயும், டாக்டர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். வளையல், மோதிரம், இறுக்கமான சட்டைக் கையை மட்டும் உடனே கழற்றிவிடுங்கள், வீங்கினால் அப்புறம் வராது.

வேப்பிலை விஷயம். விஷம் தாக்குவது தசைக்குப் போகும் சேதியை, நாக்கின் ருசியை இல்லை. எவ்வளவு விஷம் ஏறியிருந்தாலும் வேப்பிலை கசக்கத்தான் செய்யும். மிளகாய், சிறியாநங்கை, பால், தண்ணீர், எதையும் வாயில் கொடுக்காதீர்கள், தொண்டைத் தசை விழும் நேரத்தில் அது நேராக நுரையீரலுக்குள் போகும். எச்சில் வழிந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள், கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்கு வைப்பதுபோல் அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். வழியில், ஒரே மூச்சில் ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். கிளம்பும்போது இருபது வரை எண்ணியவர் பத்தில் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம், ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

பார்வை பார்க்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் போனவர்களில் நிறையப் பேர் பிழைத்திருக்கிறார்கள், அதை நானும் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமே இல்லாதவை, நல்ல பாம்பும்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போய்விடும். அப்படிப் பிழைத்தவர்களின் கதைதான் ஊரில் சுற்றுகிறது. பிழைக்காதவரின் வீட்டில் அதைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு வராது. அந்தப் பெரியவர்களையும் சபைக்கு அழைத்து உட்கார வையுங்கள், "என்கிட்ட வராதே, ஊசி போட முதல்ல போ, வந்து விபூதி வாங்கிக்கோ" என்று அவர்கள் வாயாலேயே சொன்னால் போதும், எந்தச் சுவரொட்டியையும்விட அது வேலை செய்யும்.

மருந்து என்று ஒன்று இருக்கிறது, அது நம் தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போன மக்கள், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, சில வாரத்தில் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து செய்யப் பயன்படும் விஷத்தில் பெரும்பங்கு இவர்கள் கையால் எடுத்தது. அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் மருந்து. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த மருந்து நாலு பாம்புக்கும் சேர்த்துத்தான். ஆகவே எந்தப் பாம்பு என்று காட்ட அதை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், அதைத் தேடுவதில் கால் மணி நேரம் போகும், இன்னொருவரும் கடிபடுவார், தலை துண்டான பாம்புகூட அனிச்சையாகக் கடிக்கும். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, டாக்டர் அறிகுறியை வைத்தே வைத்தியம் பார்ப்பார். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு சின்ன உடம்பு என்று பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லையே. நல்ல பாம்புக் கடிக்கு நியோஸ்டிக்மின் என்ற ஊசியை அட்ரோபினோடு சேர்த்துப் போட்டால் மடை கொஞ்சம் சீக்கிரம் திறக்கும், கட்டுவிரியன் கடிக்கு அது அவ்வளவாகப் பலிக்காது. ஆனால் அழுகிய சதையை எந்த மருந்தும் திருப்பித் தராது. மருந்து, ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடிக்கும், ஏற்கெனவே செய்த சேதத்தைச் சரிசெய்யாது. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

சின்ன ஆஸ்பத்திரிகளில் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் எனக்கு இப்போது புரிகிறது. குதிரை ரத்தத்திலிருந்து வந்தது என்பதால் சிலருக்கு மருந்தே ஒவ்வாமையாகி உயிருக்கு ஆபத்தாகும். அட்ரினலின் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று கவனித்தால் அதைச் சமாளிக்கலாம், ஆனால் தனியாக ராத்திரிப் பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கு அந்தப் பயம் வருவது இயற்கை. ஏதாவது ஆகிவிட்டால் நாம் கூட்டமாகப் போய்க் கண்ணாடியை உடைப்போம் என்ற பயமும் சேர்ந்தே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைச் சபைக்கு அழையுங்கள். மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, ராத்திரியில் யார் இருப்பார், மூச்சுக் கொடுக்கும் பை இருக்கிறதா, வென்டிலேட்டர் உள்ள அடுத்த ஆஸ்பத்திரி எது என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் ஊசியை ஆரம்பித்துவிட்டு அனுப்புங்கள், நாங்கள் உங்களோடு நிற்கிறோம் என்று ஊர் அவருக்கு ஒரு வார்த்தை கொடுக்க வேண்டும்.

வண்டி விஷயத்துக்கு நேபாளத்திலிருந்து ஒரு உதாரணம். கிழக்கு நேபாளத்தில் டமக் என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பைக் வைத்திருக்கும் தன்னார்வலர்களைப் பேசி வைத்து, யாரைப் பாம்பு கடித்தாலும் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள நடுவில் உட்கார வைத்து நேராக மருந்து உள்ள இடத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் நல்ல பாம்பும் கட்டுவிரியனும்தான். கடிபட்ட நூறு பேரில் பத்துப் பேர் இறந்துகொண்டிருந்தது ஒன்றுக்கும் கீழே வந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, ஊர் முன்கூட்டியே பேசி வைத்தது, அவ்வளவுதான். நம் ஊரில் எத்தனை பைக், எத்தனை கார், எத்தனை சின்ன யானை வண்டி! ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன் என்று நாலு பேர் பேர் கொடுத்தால் அந்த நம்பர்களை ரேஷன் கடைச் சுவரிலும் கோயில் சுவரிலும் பெயின்டால் எழுதிவிடலாம். 108க்குக் கூப்பிடுங்கள், ஆனால் அது வரும்வரை வாசலில் நிற்காமல் எதிரில் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

பாம்பின் மேல் எனக்கு வன்மம் இல்லை. நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் நல்ல பாம்பு. அறுப்பு முடிந்து உளுந்து தெளித்த வயல் வரப்பில் எத்தனை வளை, தஞ்சாவூர் கிட்டி வைத்து எவ்வளவு எலிதான் பிடிக்க முடியும்? அது படம் எடுப்பதும் சீறுவதும் கிட்டே வராதே என்று சொல்லத்தான், வழி கிடைத்தால் போய்விடும். பல சமயம் வாயை மூடிக்கொண்டே முட்டி விரட்டும். பழி வாங்கும், தேடி வரும் என்பதெல்லாம் கதை. சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து கிடந்தது என்று ஓடிவந்து சொல்வார்கள், அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. சாரையை அடித்துக் கொன்றால் எலிதான் பெருகும். அம்மா ஆடி வெள்ளிக்குப் புற்றுக்குப் பால் ஊற்றப் போவார், நான் தடுப்பதில்லை, புற்றுக்குள் கை விடாதே என்று மட்டும் சொல்வேன்.

நல்ல பாம்பு கோடையில் முட்டையிட்டு, சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சு பொரித்துவிடும், ஒரு சாண் நீளம் இருக்கும்போதே படமும் விஷமும் உண்டு. "குட்டிதானே" என்று கையால் எடுத்துப் போடும் பிள்ளைகளை அதட்டுங்கள். பிடித்த பாம்புக்கு முத்தம் கொடுத்து வீடியோ போடும் தம்பிகளே, உங்களிடமும் கையெடுத்துக் கேட்கிறேன், ஒரு வீட்டிலிருந்து பாம்பைப் பத்திரமாக வெளியே எடுக்கிறீர்கள் என்றால் நீங்கள் செய்வது பெரிய காரியம், அதை விளையாட்டாக்காதீர்கள். உங்கள் அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள், பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் போனவரை எந்த ஆஸ்பத்திரி தெரிவிக்கும்? அதை ஊர்தான் எழுதி வைக்க வேண்டும். ஒரு நோட்டுப் போடுங்கள்: யாரை, எங்கே, எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரி, என்ன ஆனது. இரண்டு வருடத்தில் எந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், எந்த வைக்கோல் போரை வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும். விறகும் வறட்டியும் செங்கல்லும் வாசலை ஒட்டிக் கிடக்க வேண்டாம், எடுக்கும் முன்னால் ஒரு குச்சியால் தட்டுங்கள், இருட்டியபின் வெளியே போனால் டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். நூறு நாள் வேலையில் புதர் வெட்ட இறங்குகிறவர்களுக்குக் கையுறையும் முழங்கால் வரை பூட்ஸும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் வருகிறேன். மழை தொடங்குவதற்குள் இதைப் பேசிவிட வேண்டும், தண்ணீர் ஏறினால் வளையில் இருப்பதெல்லாம் மேட்டுக்கு, நம் வீட்டுக்குத்தான் வரும். பத்து நிமிடம் போதும். பெரியம்மாவும் வருகிறார். அன்றைக்கு வண்டிக்குள் படுத்துக்கொண்டு தன் காதில் விழுந்ததைத் தானே சொல்கிறேன் என்கிறார்.